எட்டு, எட்டு, எட்டு

விரலை விரிங்கான் ரொமால்டு. விரிச்சுத்தான் வச்சிருக்கேன். இன்னும் விரிங்கான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு தீப்பெட்டி படுக்கணுமாம், அந்த அளவுக்கு இடம் வேணுமாம், இல்லேன்னா இறங்கும்போது பாரம் பூராவும் மணிக்கட்டுல போயி உக்காந்துக்கிடுமாம். சரின்னு விரிக்கேன். அவன் மணிக்கட்டுன்னு சொல்லும்போது நான் அவன் மணிக்கட்டைப் பாக்கிறதில்ல. முகத்தைப் பாப்பேன், சட்டைக் காலரைப் பாப்பேன், ஒண்ணும் இல்லேன்னா ஃபேனைப் பாப்பேன். ஒரு வருசமா வந்த பழக்கம். மணி காலையில ஆறேகால் இருக்கும். கீழ நைலான் கயித்துக்கடை இன்னும் திறக்கல. மாடியில நாங்க மூணே பேரு: நான், ரொமால்டு, இந்த ஜிம்மை நடத்துற சுயம்பு அண்ணாச்சி. அண்ணாச்சி சன்னலோரமா ஸ்டூலைப் போட்டு உக்காந்து ஊறவச்ச கொண்டைக்கடலையை ஒவ்வொண்ணா வாயில போட்டுக்கிட்டு, "தளவாய், அவசரப்படாதடே, நேரம் கிடக்கு"ங்காரு. அவருக்கென்ன, சொல்லிருவாரு. நாப்பத்திரெண்டு வயசாகுது எனக்கு. ஷிப்பிங் ஆபீஸ்ல சரக்குக் காகிதம் டைப் அடிக்கிற கை இது. இந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தரத்துல விட்டு, முதுகுக்குப் பின்னால கொண்டுபோயித் தட்டி, மூஞ்சி தரைக்கு வாரதுக்குள்ள முன்னால கொண்டாந்து ஊனணும். ஒண்ணு இல்ல, பத்து. புத்தியுள்ளவன் செய்யுற காரியமான்னு வீட்டுல கேட்டாங்க.

சாதாரணத் தண்டால்னா ஊரு உலகத்துக்கே தெரியும். இதுக்கு எங்க ஜிம்முல பேரு பின்தட்டு. பின்தட்டு பத்து போட்டவன் பேரைச் சுவத்துல இருக்கிற கறுப்பு போர்டுல அண்ணாச்சி பெயிண்டால எழுதுவாரு. இருபது வருசத்துல ஏழு பேரு. அதுக்குன்னு சில முறை வச்சிருக்கோம். கையை நீட்டி மேல நிக்கும்போது மூணு மூச்சு வரைக்கும் இளைப்பாறிக்கலாம், நாலாவது மூச்சு கூடாது. முழங்காலை ஊனிட்டா ஆட்டம் முடிஞ்சுது. போடுறவன் எண்ணக்கூடாது, பக்கத்துல ஒருத்தன் குத்தவச்சு உக்காந்து சத்தமா எண்ணணும். தட்டுற சத்தம் எண்ணுறவன் காதுல விழணும். விழலேன்னா அதே எண்ணைத் திருப்பிச் சொல்லுவான், அந்தத் தண்டால் கணக்குல சேராது. எண்ணுறவன் சொன்னது சொன்னதுதான். அண்ணாச்சியே பக்கத்துல நின்னாலும் வாயைத் திறக்க மாட்டாரு, கோயில்ல பூசாரி தட்டுல கை வைக்காத மாதிரி அதுல யாரும் கை வைக்கிறதில்ல. இன்னைக்கு எனக்கு எண்ணப்போறது ரொமால்டு. போன வருசம் அவனுக்கு எண்ணுனது நான்.

மணிக்கட்டைச் சுத்துங்கான். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. முட்டி போட்டு, உள்ளங்கையைத் தரையில விரிச்ச ரப்பர் மேட்டுல வச்சு, முன்னால சாய், பின்னால சாய். விரல் என்னையப் பாக்கிற மாதிரி திருப்பி வச்சு ஒரு தடவை. தோள்பட்டையைச் சுத்து. கையை உதறு. வேர்வையைத் துண்டுல துடை, வழுக்கினா போச்சு. ஒன்பது மாசமா இதே பாட்டுத்தான். முதல் மாசம் சுவத்துல கை வச்சுத் தள்ளவிட்டான், சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி. எனக்கு வெக்கமா இருந்துச்சு. பிறவு மேசை விளிம்புல. பிறவு முழங்காலை ஊனிக்கிட்டே மேட்டுல. பிறவு முழு உடம்போட, ஆனா தட்டாம, சும்மா கையை மட்டும் தரையில இருந்து எடுக்கிறது. பிறவு நெஞ்சுக்கு முன்னால தட்டுறது. அது இருபது சுத்தமா வந்த பிறவுதான் பின்னால கொண்டுபோகவே விட்டான். அதுலயும் முதல்ல தொடையைத் தொட்டுட்டு வா, தட்டாதன்னான். "இறங்கும்போது முழங்கை மடங்கணும் மாப்ள. விறைச்சுக்கிட்டு இறங்கினா எலும்புக்குத்தான் அடி. தட்டும்போதுதான் சத்தம் வரணும், இறங்கும்போது சத்தம் வரப்பிடாது." டிரெய்லர் ஓட்டினவன் அவன். துறைமுகத்துல இருந்து நாப்பதடிக் கண்டெய்னரை ஏத்திக்கிட்டுப் போயி, ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல கொண்டு விடுவான், கண்ணாடியை மட்டும் பாத்து. எதையும் மெதுவா, ஒழுங்கா, சொல்லிச் சொல்லிச் செய்யுற ஆளு. வலது மணிக்கட்டுல பிளேட்டு வச்ச பிறவு ஸ்டியரிங்கைத் திருப்பினா வலிக்குன்னு வண்டியைக் குடுத்துட்டான். இப்ப ஒரு கண்டெய்னர் யார்டு வாசல்ல நின்னு, உள்ள வார வண்டி வெளிய போற வண்டி நம்பரெல்லாம் எழுதுதான். வெயில்ல நின்னு நின்னு கறுத்துப் போயிட்டான். அதைப் பத்திக் கேட்டா, "அதுக்கென்ன, காத்து வருதே"ங்கான்.

"மனசு எங்க இருக்கு?"ங்கான் இப்ப. "மனசு வேற எங்கயாவது இருந்தா போடாத. நாளைக்குப் போட்டுக்கலாம்." இங்கதான் இருக்குன்னு சொல்லுதேன். இங்கதான் இருக்கு, பொய்யில்ல. இதே மேட்டுல, இதே ஃபேனுக்கு அடியில, போன வருசம் இதே மாதிரி ஒரு காலையில இருக்கு. அன்னைக்கு அவன் குப்புறக் கிடந்தான், நான் குத்தவச்சிருந்தேன், அண்ணாச்சி கீழ போயிருந்தாரு. அவனை இந்த ஜிம்முக்குக் கூட்டிக்கிட்டு வந்ததே நான்தான். எனக்கு அப்புறம் அஞ்சு வருசம் கழிச்சு வந்தவன். நான் அன்னைக்கு வரைக்கும் ஆறைத் தாண்டினதில்ல. ஆறு போட்டா கை நடுங்கும், ஏழாவதுக்கு உடம்பு எழும்பாது. அவன் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டுக்கிட்டே போறான். நானும் எண்ணிக்கிட்டே போறேன். ஆறு. ஏழு. எட்டு. எட்டுக்குப் பிறவு கையை நீட்டி நின்னு ஒரு மூச்சு எடுத்தான், ஒண்ணே ஒண்ணு, என்னையப் பாத்து லேசாச் சிரிச்சான். மூஞ்சியில சிரமமே இல்ல. நான் இப்ப எத்தனையோ தடவை நினைச்சுப் பாத்துட்டேன், அந்தச் சிரிப்புல ஒண்ணும் இல்ல, ஒரு கூட்டாளியைப் பாத்து சிரிக்கிற சிரிப்பு, அவ்வளவுதான். ஆனா எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்படியே சொல்லுதேன், எரிஞ்சுது. அடுத்ததைப் போட்டான். பளீர்னு தட்டினான். நான் "எட்டு"ன்னேன்.

முதல்ல சந்தேகம்னுதான் நினைச்சேன். ஃபேன் சத்தம், ரோட்டுல உப்பு லாரி ஒண்ணு போச்சு, காதுல சரியா விழலையோன்னு. ஒரு வருசமா இந்த லாரியை நான் ஓட்டிக்கிட்டே இருக்கேன். போச்சா, போகலையா. போயிருந்தாலும் அந்நேரத்துக்குப் போச்சா. ஆறே முக்காலுக்குத்தானே லாரி வரும், அன்னைக்கு ஆறரைக்கே வந்துச்சா. இப்படியே கேட்டுக்கிட்டுப் போனா ஒரு இடத்துல மாட்டிக்கிடும், அதுக்கு மேல நகராது. ஏன்னா லாரி போனாலும் போகலேன்னாலும் நான் கேட்டேன். தட்டின சத்தம் கேட்டுச்சு. கேட்ட பிறவுதான் வாயில எட்டு வந்துச்சு. அது போகட்டும், ஒரு வேடிக்கைன்னு வச்சுக்கிடுவோம். எங்க ஜிம்முல சாதாரணத் தண்டால்ல எல்லாரும் செய்யுறதுதான். முப்பது போடுறவனை இருபத்தொம்பதுலயே நாலு தடவை நிறுத்தி வச்சு, "ஏய் ஏமாத்தாதல"ன்னு அவன் கத்துறதைக் கேட்டுச் சிரிப்போம். அப்படி அழுத்தி எண்ணினாத்தான் நெஞ்சு ஏறும்னு அண்ணாச்சியே சொல்லுவாரு. ஆனா பின்தட்டுல யாரும் அதைச் செய்ய மாட்டோம். செய்யக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல, சொல்லணுமா என்ன. நான் செஞ்சேன். அவன் ஒண்ணும் கேக்கல. தலையை மட்டும் ஆட்டிட்டு மறுபடியும் போட்டான். அது இன்னும் சத்தமா வந்துச்சு, வேணும்னே ஓங்கித் தட்டியிருக்கான். நான் மறுபடியும் "எட்டு"ன்னேன். இதுல லாரி கிடையாது, ஃபேன் கிடையாது. பத்து முடிச்சு எந்திரிச்சிருக்க வேண்டியவனை நான் எட்டுல பிடிச்சு வச்சிருந்தேன். அதுக்கடுத்தது போட்டான், அதுக்கு ஒம்பதுன்னு சொன்னேன். பயந்துபோயிதான் சொன்னேன், தோள் நடுங்க ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னும் ஒண்ணுதான்னு நினைச்சு மூச்சுகூட எடுக்காம உடனே எழும்பினான். பன்னெண்டாவது தண்டால் அது. கை பின்னால போச்சு, தட்டுச்சு, முன்னால வாரதுக்குள்ள தரை வந்துட்டுது.

வலது கை மடங்கி அடியில மாட்டிக்கிடுச்சு. தாடை தரையில பட்டு நாக்குல பல்லு குத்தி வாயெல்லாம் ரத்தம். கை இருந்த இருப்பைப் பத்தி நான் நினைக்கமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சி பைக்குல அவனை நடுவுல உக்காரவச்சு நான் பின்னால பிடிச்சுக்கிட்டுப் போனேன். போற வழியில, வாயில துணியை வச்சுக்கிட்டே என்னமோ சொல்ல வந்தான். என்ன சொல்லப்போறானோன்னு காதைக் கிட்டக் கொண்டுபோனேன். அவன் சொன்னது இதுதான்: "நீ எட்டுன்னு திருப்பிச் சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும் மாப்ள. நீ சிக்னல் குடுத்த. நான்தான் கேக்கல." அன்னைக்கே அந்த பைக்குலயே நான் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசம் ஆகுமா. இல்ல ரொமால்டு, சத்தம் வந்துச்சு, நான்தான் சும்மா சொன்னேன். இவ்வளவுதான். ஆப்பரேசன் ஆகட்டும்னு நினைச்சேன். ஆப்பரேசன் ஆச்சு. கட்டு பிரிக்கட்டும்னு நினைச்சேன். கட்டு பிரிச்சாச்சு. வண்டியை விட்டுட்டான்னு கேள்விப்பட்டப்ப, இப்பப் போயிச் சொன்னா அவனுக்கு என்ன லாபம்னு நினைச்சேன். எனக்கு எப்பவும் அடுத்தவன் லாபத்துமேல ரொம்ப அக்கறை. அப்புறம் ஒரு நாள் ஜிம்முக்கு வந்து அண்ணாச்சிகிட்ட பேசி, போர்டுக்குக் கீழ ஒரு அட்டையை ஒட்டவச்சான். எண்ணுபவர் எண்ணைத் திருப்பிச் சொன்னால் உடனே முழங்காலை ஊன்றவும். அச்சடிச்சு லாமினேசன் பண்ணி ஒட்டியிருக்கு. உடம்பு ஓஞ்சு போச்சுன்னா முதல்ல தட்டுற சத்தம்தான் குறையுமாம், போடுறவனுக்கு அது தெரியாதாம், எண்ணுறவனுக்குத்தான் தெரியுமாம். அவன் விழுந்ததுல இருந்து அவனே கண்டுபிடிச்ச சட்டம். புதுசா வாரவங்களுக்கு அவனே விளக்கிச் சொல்லுவான், என்னையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டு. "எனக்கு எட்டுலயே கை செத்துப்போச்சு தம்பி, இந்தா, தளவாய் ரெண்டு தடவை சொன்னான், கேக்காமப் போட்டேன். திமிரு." நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பேன். சட்டம் நல்ல சட்டம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. அதுக்கு அப்புறம் இங்க யாரும் விழல.

போடுதியாங்கான். போடுதேன். மேட்டு விளிம்பை ஒரு தடவை இழுத்துப் பாக்கான், நகருதான்னு. நகரல. காலை இன்னும் ஒரு சாண் அகட்டுங்கான். அகட்டினேன். வயித்தை எக்கு, முதுகைத் தொங்கவிடாத. எக்கினேன். மேட்டுல ரப்பர் வாடையும் பழைய வேர்வை வாடையும். சன்னல் வழியா துறைமுகத்துக் கரித்தூளு வாடை. கீழ போறேன். நெஞ்சு மேட்டைத் தொட ஒரு விரக்கடை இருக்கும்போது தள்ளுதேன், மொத்த உடம்பையும் தரை திருப்பிக் குடுக்கு, கை விடுபட்டுப் போகுது, எங்கயோ பின்னால தட்டுது, வந்துட்டுது, விரல் விரிஞ்சு இறங்குது, முழங்கை மடங்குது. "ஒண்ணு"ங்கான். அந்தரத்துல இருக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம், அரை நொடிகூட இருக்காது. ஆனா அந்த அரை நொடியில உடம்புக்குக் கையே கிடையாது. கையில்லாத ஒருத்தன் குப்புற விழுந்துக்கிட்டிருக்கான், அவ்வளவுதான் அது. ரெண்டு. மூஞ்சி தரையைப் பாத்து வாரப்ப ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிடத் தோணுது. பயம்தான். பயம் இருக்கணும்ங்கான் ரொமால்டு, பயம் போனவன் போடக்கூடாதாம். மூணு. நல்லா இறங்குதேன், சத்தமே இல்லாம. நாலு. "அப்படித்தான் மாப்ள, அப்படித்தான்"ங்கான். அண்ணாச்சி கடலை மெல்லுறதை நிறுத்திட்டாரு. அஞ்சு. மேல நின்னு மூச்சு எடுக்கேன். ஒண்ணு. ரெண்டு. மூஞ்சியில இருந்து வேர்வை சொட்டுது, கைக்கு நடுவுல விழுது, கைமேல விழல. மூணு. போடுதேன். ஆறு. இதோட என் பழைய கணக்கு முடிஞ்சு போச்சு, இனிமே போடுறதெல்லாம் இந்த ஒன்பது மாசத்துல இவன் போட்ட சோறு. எதுக்குல எனக்குச் சொல்லித் தாரேங்கன்னு ஆரம்பத்துலயே கேட்டேன். "என்னால ஆகல, நம்ம ரெண்டு பேருல ஒருத்தன் பேராவது போர்டுல வரட்டுமே"ன்னான். நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பான். அதுக்குப் பயந்து சரின்னேன். சரின்னு சொன்ன பிறவு, மறைக்க மாட்டேன், ஆசையும் வந்துட்டுது. கறுப்புப் போர்டுல வெள்ளைப் பெயிண்டுல தளவாய். எட்டாவது பேரு.

ஏழு. இடது தோள்ல லேசாப் பிடிக்கு, வலியில்ல, சூடு. உயரம் குறையுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும், உயரம் குறைஞ்சா கையைப் பின்னால கொண்டுபோகாம அப்படியே ஊனிரணும், மானம் போனாலும் பரவால்ல மணிக்கட்டு போகக்கூடாது, இதுவும் இவன் சொன்னதுதான். குறையல. மூச்சு. ஒண்ணு. ரெண்டு. போடுதேன். தட்டுதேன். "எட்டு"ங்கான். எட்டு. இப்பத்தான் எனக்கு முழங்கைக்குள்ள குளிருது. அடுத்ததுக்கு என்ன சொல்லுவான். எட்டுன்னு சொல்லிட்டான்னா. அவனுக்குத் தெரிஞ்சிருந்தா. ஒரு வருசமா தெரிஞ்சே இருந்து, சுவத்துல கை வைக்கச் சொன்னதுல இருந்து எல்லாமே இந்த ஒரு எண்ணுக்காகத்தான்னா. ஏன் இருக்கக்கூடாது. நானா இருந்தா அப்படித்தான் செய்வேன். ஒன்பது மாசம் சோறு போட்டு வளத்து, எட்டுல பிடிச்சு வச்சு, எட்டு, எட்டு, எட்டுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், தரை வாரவரைக்கும். ஆனா அவன் ஒட்டவச்ச அட்டைப்படி திருப்பிச் சொன்னா நான் முழங்காலை ஊனிரலாம். ஊனிட்டா பத்து இல்ல. பத்து இல்லேன்னா பேரு இல்ல. பேரு இல்லேன்னா சொல்லவேண்டிய அவசியமும் இல்ல, ரெண்டு பேரும் எட்டுலயே நின்னவங்கன்னு ஆயிரும், சமமாப் போயிரும். எட்டுன்னு சொல்லிருல ரொமால்டு. சொல்லித் தொலை. மனசு இப்படி அலையும்போது போடக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் போடுதேன். கீழ போறேன், தள்ளுதேன், கை போகுது, தட்டுது, வருது, கொஞ்சம் பிந்தித்தான் வருது, விரல் நுனி முதல்ல படுது, முழங்கை மடங்கித் தாங்கிக்கிடுது.

"ஒம்பது!"

அண்ணாச்சி காதுல மட்டுமில்ல, கீழ ரோட்டுல போறவன் காதுலயும் விழுந்திருக்கும், அப்படிக் கத்துதான். கண்ணு பளபளன்னு இருக்கு. கையை நீட்டி மேல நிக்கேன். முதல் மூச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு, அது வந்துரும், உடம்புக்குத் தெரியுது, தோள்ல இன்னும் மூணு நாலு கிடக்கு. அவன் என் காதுகிட்ட குனியுதான். மூச்சு எடுக்கிறவன்கிட்ட பேச்சுக் குடுக்கக்கூடாது, ஆனா அவனுக்குச் சந்தோசம் தாங்கல. "எட்டுலயும் ஒம்பதுலயும் உனக்கு என்ன சத்தம் மாப்ள! எனக்கு அதுல வரவே இல்லயேல, உனக்குப் பாரு"ங்கான். ரெண்டாவது மூச்சு. கைக்கு நடுவுல வேர்வைத் தண்ணி குளமா நிக்கு. வந்துச்சுல. உனக்கும் வந்துச்சு. என்னோடதைவிட நல்லா வந்துச்சு. மூணாவது மூச்சு. இனி போடணும். போட்டா எட்டாவது பேரு நானு, அவன் அட்டைக்கு மேல, அவன் ஒவ்வொரு நாளும் வந்து பாத்துச் சந்தோசப்படுவான், அதுதான் என்னால தாங்க முடியாது. அடிச்சாக்கூடத் தாங்கிக்கிடுவேன். நாலாவது மூச்சு வாரதுக்குள்ள முழங்காலை ஊனிட்டேன்.

"ஏல! என்னல ஆச்சு?" ரொமால்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "எங்க வலிக்கு? மணிக்கட்டா? மடக்கு பாப்போம். இப்ப நீட்டு."

"வலி இல்ல."

"பின்ன என்னத்துக்கு ஊனின? ஒண்ணே ஒண்ணுதானல கிடந்துச்சு!"

"ரொமால்டு, அன்னைக்குச் சத்தம் வந்துச்சு."

"என்னைக்கு?"

"நீ விழுந்தன்னைக்கு. எட்டுன்னு ரெண்டு தடவை திருப்பிச் சொன்னேம்லா. ரெண்டுக்கும் சத்தம் வந்துச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் எட்டுன்னு சொன்னேன்."

என் மணிக்கட்டை அழுத்திப் பாத்துக்கிட்டிருந்த அவன் பெருவிரல் அப்படியே நின்னுச்சு. அண்ணாச்சி ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சாரு, எதுக்கு எந்திரிச்சோம்னு தெரியாம நின்னாரு.

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும்."

உதடு அசையுது. உள்ளுக்குள்ள எண்ணிப் பாக்கான். "அப்பம் பத்து போட்டுட்டேனால?"

"பதினொண்ணு. பன்னெண்டாவதுலதான் விழுந்த."

அடி விழும்னு இருந்தேன். கன்னத்தைக்கூடத் திருப்பித்தான் வச்சிருந்தேன். அவன் சிரிச்சான். முதல்ல மூச்சு மாதிரி ஒண்ணு வந்துச்சு, பிறவு பல்லெல்லாம் தெரிய, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். "அண்ணாச்சி, கேட்டீயளா? பதினொண்ணாம்! எட்டுல சாகலய்யா எங் கை! பதினொண்ணு போட்டிருக்கு!" எந்திரிச்சு நின்னான், உக்காந்தான், மறுபடியும் எந்திரிச்சான். சட்டைப்பையில இருந்து போனை எடுத்து பொஞ்சாதி பெனிட்டாவைக் கூப்பிட்டான். "ஏட்டி, நான் அன்னைக்குப் பதினொண்ணு போட்டிருக்கேன்டி. ஆமாடி, விழுந்தன்னைக்குத்தான். எங்கிட்டத் தப்பே இல்லடி. நான் சரியாத்தான் போட்டிருக்கேன்." அவ்வளவு சந்தோசத்தை நான் அவன் மூஞ்சியில அவன் கல்யாணத்தன்னைக்கும் பாக்கல. ஒரு வருசமா என்கிட்ட இருந்தது இதுதான், இவ்வளவு பெரிய சந்தோசம், எடுத்துக் குடுக்காம வச்சிருந்திருக்கேன்.

போன்ல பெனிட்டா குரல் எனக்கே கேட்டுச்சு. "யாரு சொன்னா?"

"தளவாய்தான். அவன்தானே எண்ணுனான்."

பிறவு, "இப்பத்தான் சொல்லுதாரா? அன்னைக்கே தெரியாதா அவருக்கு?"ன்னா.

ரொமால்டு போனைக் காதுல இருந்து விலக்கி என்னையப் பாத்தான். சிரிப்பு இன்னும் கன்னத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, கண்ணுல இல்ல. "வீட்டுக்கு வந்து பேசுதேன்"னு சொல்லி வச்சுட்டான். போனைப் பையில போடப் போயி, வலது கையில அது சரியா நிக்காம ரெண்டு தடவை நழுவி, இடது கைக்கு மாத்திப் போட்டான். நான் அந்தக் கையைப் பாத்தேன். ஒரு வருசத்துக்குப் பிறவு நேரா பாத்தேன். தையல் தழும்பு உள்ளங்கையில இருந்து முழங்கையைப் பாத்துப் பாதி தூரம் போகுது.

"எதுக்குல?"ன்னான்.

"வயித்தெரிச்சல்."

தலையை ஆட்டினான். புரிஞ்சவன் ஆட்டுற மாதிரிதான் ஆட்டினான். மன்னிச்சிருன்னு சொன்னேன், அது அவன் காதுல விழுந்த மாதிரி தெரியல. செருப்பை மாட்டினான்.

"இருடே ரொமால்டு," அண்ணாச்சி ஓடிப்போயி அவன் தோளைப் பிடிச்சாரு. "இரு, பேசிக்கிடுவோம். முதல்ல உம் பேரை எழுதுதேன். அவனும் ஒண்ணுல இருந்து திரும்பப் போட்டுக் காட்டட்டும். எல்லாத்தையும் இன்னைக்கே சரி பண்ணிருவோம்."

"போடட்டும் அண்ணாச்சி. நல்லாப் போடுதான். எண்ணுறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

படிக்கட்டு வரைக்கும் போயிட்டான். நான் முழங்காலை ஊனினபடியே, கை ரெண்டையும் தொடைமேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். திரும்பிப் பாத்தான். ஏசப்போறான்னு நினைச்சேன். ஏசட்டும்னு நினைச்சேன்.

"கையை உதறி விடுங்க தளவாய்"ன்னான். "அப்படியே விட்டா இறுகிக்கிடும்."

மாப்ளன்னு கூப்பிடல. நீங்க வாங்கன்னு அவன் என்கிட்ட பேசி நான் கேட்டதே இல்ல. அவன் இறங்கிப் போனான், நான் கையை உதறினேன்.